ஆட்டுப் பட்டிக்கு ஏற்ற நாய் எது?

ஆத்தங்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அங்கே தயாராகும் பூப்போட்ட தரைக்கற்கள்தான் நினைவுக்கு வரும். சுற்றுவட்டார விவசாயிகளுக்கோ அது கண்மாய்ப் பாசனத்தில் ஒருபோக நெல்லும், மற்ற மாதங்களில் ஆடு மாடுமாகப் பிழைப்பு நடத்தும் ஊர். அறுவடை முடிந்து வயல்கள் காலியானதும் கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டி வந்து கிடை அமர்த்துவார்கள். இரவு முழுவதும் ஆடுகள் வயலில் கிடந்து, அடுத்த போகத்துக்கு வேண்டிய எருவைப் போட்டுவிடும். கிடையின் ஓரங்களில் இரண்டு மூன்று நாய்கள் சுருண்டு படுத்திருக்கும். அவை கண்காட்சியில் பரிசு வாங்கக் கூடிய நாய்கள் அல்ல. ஆனால் இருட்டில் யாராவது ஐம்பது அடி தூரத்தில் கால் வைத்தால் போதும், மூன்றும் எழுந்து நிற்கும்.

இந்தப் பகுதியில் விவசாயிகளைச் சந்திக்கும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “பத்துப் பதினைந்து ஆடுகள் வைத்திருக்கிறோம். தெரு நாய்த் தொல்லை தாங்க முடியவில்லை. எந்த ஜாதி நாய் வாங்கினால் நல்லது?” என்பதே அது. நியாயமான கேள்விதான். திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில் பகுதி விவசாயிகள் தெரு நாய்கள் கடித்துச் செத்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்டு அண்மை ஆண்டுகளில் போராடியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பத்து ஆடு வைத்திருப்பவருக்கு ஓர் இரவில் நான்கு ஆடு போனால், பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த பணம் போனதற்குச் சமம்.

இக்கேள்விக்கு இனத்தின் பெயரை மட்டும் பதிலாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நானே பட்டு அறிந்தவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்ன தவறான யோசனை

நான் விரிவாக்கப் பணியில் சேர்ந்த புதிது. இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வயதான அம்மா ஒருவர் பதினோரு வெள்ளாடுகள் வளர்த்து வந்தார். மகன் வெளியூரில் வேலை. நரி ஒன்று குட்டியைத் தூக்கிக் கொண்டு போனதிலிருந்து அவருக்கு இரவில் தூக்கம் இல்லை. “நல்ல நாயாக ஒன்று சொல்லுங்க தம்பி” என்றார். நான் சற்றும் யோசிக்காமல், “சிப்பிப்பாறைக் குட்டி வாங்குங்கள் அம்மா. நம் நாட்டு இனம், வெயில் தாங்கும், நரியை விட வேகமாக ஓடும்” என்றேன்.

நான் சொன்ன மூன்றும் உண்மை. குட்டியும் நன்றாக வளர்ந்தது. பத்து மாதம் ஆனதும் ஒரு நாள் அந்தியில், பட்டிக்குத் திரும்பும் வழியில் ஆட்டுக்குட்டிகள் துள்ளி ஓடின. நாய் துரத்தியது. நான்கே பாய்ச்சலில் ஒன்றைப் பிடித்துக் கழுத்தை உலுக்கிப் போட்டது. அவர் கூச்சல் போட்டு ஓடி வருவதற்குள் மேலும் இரண்டு விழுந்துவிட்டன.

செய்தி கேட்டு நான் போனபோது ஊரார் நாயை அடித்துப் போடச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். அந்த அம்மா விடவில்லை. “நாய் என்ன தம்பி செய்யும்? ஓடுனதை அது பிடிச்சிருச்சு” என்றார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊர் சொன்னது. உண்மையில் நாயின் பிறவிக் குணம் எதுவோ அதைத்தான் அது செய்தது. குணம் அறியாமல் சிபாரிசு செய்த குற்றம் என்னுடையது. பிறகு அந்த நாயைப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றைக் காவல் காக்கும் குடும்பத்தார் வாங்கிக் கொண்டார்கள். அங்கே அது பல வருடங்கள் நல்ல பெயருடன் வாழ்ந்தது. அதே நாய் ஓரிடத்தில் கொலைகாரன், வேறிடத்தில் காவல்காரன்.

மூன்று வேலை, மூன்று வகை

ஆடுகளோடு சம்பந்தப்பட்ட நாய் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மந்தையை ஓட்டும் வேலை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக உள்ள மலைப்பகுதியில் உருவான பார்டர் கோலி நாய் இதில் பேர் பெற்றது. ஆட்டை வெறித்துப் பார்த்தபடி பதுங்கி நகர்ந்து, இடையனின் சீட்டி ஒலிக்கு ஏற்ப மந்தையை இடமாகவும் வலமாகவும் திருப்பும். வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் 1873-ஆம் ஆண்டிலேயே இதற்குப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். மலைச்சரிவில் தானே மேய்ந்து சிதறிக் கிடக்கும் ஆடுகளைத் திரட்டி வர இப்படிப்பட்ட நாய் அவசியம்.

இரண்டாவது, மந்தையைக் காக்கும் வேலை. இந்த நாய் ஆட்டை விரட்டாது, மடக்காது. ஆடுகளுக்கு நடுவிலேயே படுத்திருக்கும். அந்நியர் நெருங்கினால் மட்டும் குரைத்து எதிர்த்து நிற்கும். துருக்கியின் கங்கால், காஷ்மீரின் பகர்வால், இமாசலப் பிரதேசத்தில் கத்தி என்னும் இடையர் மக்கள் வளர்க்கும் நாய் ஆகியவை இந்த வகை. இமாசல நாயை 2025-ஆம் ஆண்டில் தனி இனமாகப் பதிவு செய்தது கர்னாலிலுள்ள தேசிய கால்நடை மரபுவள நிறுவனம். ஆப்பிரிக்காவின் நமீபியாவில் 1994-ஆம் ஆண்டு முதல் துருக்கி வகைக் காவல் நாய்களை ஆட்டுப் பண்ணைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். ஆடுகளின் சாவு குறைந்ததால், ஆட்டைப் பிடிக்கும் சிறுத்தைகளைச் சுட்டுக் கொல்ல வேண்டிய தேவையும் குறைந்தது.

மூன்றாவது, துரத்திப் பிடிக்கும் வேலை. ஓடுவதைக் கண்டால் பாய்வது வேட்டை நாயின் ரத்தத்தில் ஊறியது. கண்ணால் பார்த்து வேகத்தால் பிடிக்கும் ஒல்லியான நாய்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஓட்டும் நாயும்கூட அடிப்படையில் வேட்டைக் குணம் கொண்டதே. பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் இருக்கும். கடிப்பதை மட்டும் பல தலைமுறைத் தேர்வினால் அடக்கி வைத்திருக்கிறார்கள். காவல் நாய்க்கு இந்தத் துரத்தும் குணமே குறைவு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நமக்கு எது தேவை?

நம் பக்கத்தில் ஆடுகளை ஓட்டுவதற்கு நாய் தேவைப்படுவதில்லை. கீதாரி முன்னால் நடந்து குரல் கொடுத்தால் மந்தை பின்னால் வரும். தொரட்டிக் கம்பால் கிளையை வளைத்துத் தழை ஒடித்தால் வெள்ளாடு தானே ஓடி வரும். நம் ஆடுகளுக்கு ஆள் பழக்கம் அதிகம். மேலும், எப்போதும் பின்னால் விரட்டிக் கொண்டே இருந்தால் சினை ஆடுகள் மிரண்டு குட்டி வீசிவிட வாய்ப்புண்டு.

நமக்குத் தேவைப்படுவது இரவுக் காவல். எதிரிகள் மூவர்: கூட்டமாக வரும் தெரு நாய்கள், குட்டியைத் தூக்கும் நரி, இரு சக்கர வண்டியில் வரும் ஆடு திருடர்கள். ஆகவே சிறு விவசாயி தேட வேண்டியது, நின்று காக்கும் நாயே அன்றி ஓடிப் பிடிக்கும் நாய் அல்ல.

இனங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்

சிப்பிப்பாறை: விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயரைக் கொண்டது. நீண்ட முகம், ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, குட்டையான ரோமம். வெயிலை நன்றாகத் தாங்கும். அதிக நோய் நொடி இல்லை. வளர்த்தவர் ஒருவரிடமே மிகுந்த பாசம் காட்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் சிறந்த காவல். ஆனால் துரத்தும் குணம் அதிகம். குட்டிகள் துள்ளும் பட்டியில் அவிழ்த்து விடத் தகுந்ததல்ல.

கன்னி: சிப்பிப்பாறைக்கு உறவு. பெரும்பாலும் கறுப்பு உடலில் பழுப்புக் குறிகள் இருக்கும். கூச்ச சுபாவம். வீட்டாரிடம் சாது, அந்நியரிடம் எச்சரிக்கை. இதுவும் வேட்டை நாயே என்பதால் மேலே சொன்ன ஜாக்கிரதை இதற்கும் பொருந்தும். கன்னி என்ற பெயரில் வெள்ளாட்டு இனமும் ஒன்று நம்மிடம் உண்டு. விலை பேசும்போது குழப்பம் வேண்டாம்!

ராஜபாளையம்: தூய வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த உருவம். மத்திய அரசின் தபால் துறை 2005-ஆம் ஆண்டில் நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றில் ஒன்றாக இடம் பெற்றது. அஞ்சாத காவல் நாய். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடு வருவதுண்டு. குட்டி தூங்கும்போது அதன் பின்புறம் நின்று கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். தோல் வெளிறியது என்பதால் நாள் முழுவதும் வெயிலில் கட்டிப் போட்டால் மூக்கும் காதும் வெந்துவிடும். ஆளை எதிர்க்கும் வேகம் மிகுந்த நாய் ஆதலால், குழந்தைகளும் வழிப்போக்கர்களும் நடமாடும் இடத்தில் வேலி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

கோம்பை: தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரைச் சேர்ந்தது. செம்பழுப்பு உடல், கரிய முகவாய், கட்டான தசை. மற்ற மூன்றையும் விட உயரம் குறைவு, பலம் அதிகம். தெரு நாய்க் கூட்டத்தை எதிர்த்து நிற்கும் தைரியம் உண்டு. சிறு வயதிலேயே ஆடுகளோடு பழக்கினால் பட்டிக் காவலுக்கு நம் ஜாதி நாய்களில் இதைப் பரிசீலிக்கலாம். ஆனால் பிடிவாதக் குணம் உடையது. நாய் வளர்த்து அனுபவம் இல்லாதவர்களுக்குச் சிரமம்.

ராமநாதபுரம் மண்டை நாய்: பெருந்தலையும் கனத்த உடலும் கொண்ட காவல் நாயாக நம் வட்டாரத்தில் பெயர் பெற்றது. கலப்பில்லாத குட்டி கிடைப்பது அரிது. மண்டை என்று பெயர் சொல்லி எதையும் விற்றுவிடுவார்கள். தாய் தந்தையை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அல்சேஷன் என்னும் ஜெர்மன் ஷெப்பர்டு: பெயரிலேயே இடையன் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஜெர்மனியில் 1899-ஆம் ஆண்டு இந்த இனத்துக்குச் சங்கம் அமைத்தபோது இது உண்மையில் ஆட்டு நாய்தான். வேலியில்லாத நிலங்களில் மந்தையின் ஓரமாக நடந்து நடந்து, ஆடு பயிருக்குள் இறங்காமல் உயிர்வேலி போல் நிற்கும். ஆனால் இன்று நம் நகரங்களில் விற்கப்படும் குட்டிகள் ஆட்டைக் கண்டிராத தலைமுறைகளின் வாரிசுகள். இரட்டை அடுக்கு ரோமம் சித்திரை வெயிலுக்கு ஆகாது. இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் அதிகம். வழவழப்பான தரையில் வளரும் குட்டிகளுக்கு அது இன்னும் மோசமாகும். வசதி உள்ளவர் வீட்டுக்கு வைத்துக் கொள்ளலாம், பட்டிக்கு வேண்டாம்.

பார்டர் கோலி: அறிவில் இதற்கு நிகர் இல்லை என்பார்கள். ஆனால் நாள் முழுவதும் வேலை இல்லையென்றால் கோழியை மடக்கும், மாட்டைச் சுற்றும், குழந்தைகளையும் ஓட்டப் பார்க்கும். பத்து ஆடு வைத்திருப்பவருக்கு இது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை.

கிடை நாய்: இதற்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. நடுத்தர உயரம், குட்டை ரோமம், எந்த நிறமும் இருக்கலாம். கீதாரியின் கிடையிலேயே பிறந்து, ஆட்டுச் சூட்டில் படுத்து வளர்ந்தது. கூழும் சோறும் மோரும் அதற்குப் போதும். கண்காட்சி அளவுகோலில் இதற்குப் பூஜ்யம். நம் அளவுகோலில் முதல் மதிப்பெண். ஆட்டைக் கடித்த நாயைக் கீதாரி தன் கிடையில் வைத்திருக்க மாட்டார். அப்படித் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டியதன் பலன், இன்று கிடையில் மிஞ்சியிருக்கும் நாயின் நல்ல குணம். விதை நெல் பொறுக்குவது போன்ற வேலை இது.

ஆகவே சிறு விவசாயிகளுக்கு என் சிபாரிசு: முதல் தேர்வு, வேலை செய்யும் கிடையிலிருந்து வாங்கிய நாட்டு நாய்க் குட்டி. இரண்டாவது, அனுபவம் உள்ளவர்களுக்குக் கோம்பை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மூன்றும் நம் பெருமைக்குரிய இனங்கள். அவற்றை வீட்டுக்கும் தோப்புக்கும் காவலாக வளர்த்துக் காப்பாற்றுவோம். வேட்டைக்குப் பயன்படுத்துவது மட்டும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாயை விட்டு முயல் பிடிப்பதும் நரி பிடிப்பதும் குற்றம்.

குட்டியைப் பழக்கும் முறை

இனத்தை விட முக்கியமானது, குட்டி தன் இரண்டாவது மாதம் முதல் நான்காவது மாதம் வரை எங்கே இருந்தது என்பது. அமெரிக்காவில் 1970-களின் பிற்பகுதியில் ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் என்ற தம்பதியர் ஐரோப்பிய, ஆசியக் காவல் நாய்களைக் கொண்டு வந்து பண்ணைகளில் கொடுத்து ஆராய்ந்தனர். சின்ன வயதில் ஆடுகளோடு வளர்ந்த நாய் ஆடுகளைத் தன் கூட்டமாகவே ஏற்றுக் கொள்கிறது; வீட்டுக்குள் வளர்த்துப் பெரிதான பின் பட்டிக்கு அனுப்பிய நாய் ஏற்பதில்லை என்பதே அவர்கள் வலியுறுத்திய பாடம். நம் கீதாரிகள் எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் இதைத்தான் செய்து வந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியவை:

1. எட்டு வாரக் குட்டியாக வாங்க வேண்டும். அதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தாய் ஆட்டுக்கு நடுவே எப்படி நடந்து கொள்கிறது என்று ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். இதுவே நல்ல பரிசோதனை.

2. பட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் கம்பி வலையோ மூங்கில் படலோ வைத்து இடம் ஒதுக்க வேண்டும். ஆடுகளைப் பார்த்தும் முகர்ந்தும் குட்டி வளர வேண்டும், மிதிபடவும் கூடாது.

3. நாள்தோறும் சிறிது நேரம், சாதுவான பெரிய ஆடுகளோடு நம் கண் முன்னால் விட வேண்டும். அதிகம் துள்ளினால் ஆடே முட்டிப் பாடம் சொல்லும். ஆட்டுக்குட்டிகளோடு தனியாக விடக் கூடாது.

4. ஆட்டைத் துரத்துவதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்து ஊக்கப்படுத்தக் கூடாது. முதல் தடவையே அதட்டித் தடுக்க வேண்டும். கோழியைத் துரத்துவதும் அப்படியே. அடித்துத் துன்புறுத்தினால் நாய் ஆட்டையே வெறுக்கும்.

5. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை ஆபத்தான காலம். உடல் பெரிதாகும், புத்தி குட்டியாகவே இருக்கும். என் யோசனையால் அந்த அம்மா நஷ்டப்பட்டதும் இந்த வயதில்தான். மனிதர் கண்காணிப்பு இல்லாத நேரத்தில் நீண்ட சங்கிலியில் நிழலில் கட்டி வைக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு வயது ஆன பிறகே முழுப் பொறுப்பை நம்பி விடலாம்.

6. முதன் முதலாக ஆடு குட்டி போடும்போது நாய் அருகில் இருந்தால் நாமும் அருகில் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடியை நாய் தின்று பழகாதபடி உடனே எடுத்துப் புதைத்துவிட வேண்டும்.

7. கருத்தடை அறுவை செய்வது நல்லது. பெண் நாயைத் தேடி ஊர் சுற்றும் ஆண் நாய் அன்றிரவு பட்டியைக் காக்காது. பெண் நாயைப் பராமரிப்பின்றி ஈன விட்டால், நாமே தெரு நாய்க் கூட்டத்தைப் பெருக்கியவர்கள் ஆவோம்.

ஆட்டைக் கொன்றது யார்?

காலையில் ஆடு செத்துக் கிடந்தால் முதலில் சுவடு பார்க்க வேண்டும். தெரு நாய்க் கூட்டம் பல ஆடுகளைக் கடிக்கும். தொடை, பின்பக்கம், காது என்று கண்ட இடத்தில் காயம் இருக்கும். தின்றது குறைவாக இருக்கும். நரி பெரும்பாலும் ஒரு குட்டியோடு நின்றுவிடும். தூக்கிக் கொண்டு போய்விடும், அல்லது வயிற்றுப் பகுதியைத் தின்றிருக்கும். சுவடே இல்லாமல் ஆடு மட்டும் காணவில்லை என்றால் இரண்டு கால் நரியாக இருக்கலாம். நம் நாயின் வாயையும் மார்பையும் பார்க்கத் தயங்க வேண்டாம். பழியைத் தெரு நாய் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் மறுநாளும் அதே நடக்கும். இறந்த ஆட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற்றால் இழப்பீடு கேட்பதற்கு ஆதாரமாகும். தெரு நாய்களுக்கு விஷம் வைப்பது சட்டப்படி குற்றம்; வைத்த விஷத்தை நம் நாயும் தின்னும். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஊரார் சேர்ந்து எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

தீனியும் நோய்த் தடுப்பும்

காவல் நாயைப் பட்டினி போட்டால் கோபமாக இருக்கும் என்பது தவறான அபிப்பிராயம். பசித்த நாய் இரை தேடிப் போகும். நொய்க் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், சோறு, மோர் ஆகியவற்றுடன் வாரத்தில் சில நாட்களாவது வேக வைத்த முட்டை, மீன் அல்லது இறைச்சிக் கழிவு சேர்க்க வேண்டும். தீனியை மாலையில் பட்டியிலேயே வைத்தால் இரவில் நாய் அங்கேயே தங்கும்.

இறைச்சிக் கழிவை வேக வைக்காமல் போடவே கூடாது. செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஆட்டு மூளையில் உள்ள நீர்க்கட்டிகளைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் சாணத்தோடு புல்லில் விழும். அந்தப் புல்லை மேய்ந்த ஆட்டின் மூளையில் மறுபடியும் கட்டி உண்டாகும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். இதே போன்ற வேறொரு நாடாப்புழுவின் முட்டை நம் கை வழியாக வயிற்றுக்குள் போனால் மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது இதனால்தான். நாடாப்புழுவுக்குப் பிரசிக்குவான்டல் மாத்திரையை நாயின் எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுக்க வேண்டும்.

ஆட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாய்க்கும் போட்டுவிடும் பழக்கம் ஆபத்தானது. கோலி வம்சத்து நாய்கள் பலவற்றில் இந்த மருந்து மூளைக்குள் ஏறி உயிரைக் குடிக்கும். கலப்பு நாய் என்றால் அந்த ரத்தம் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. ஆட்டு மருந்து ஆட்டுக்கு மட்டுமே.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கி மறு ஊசிகளைத் தவறாமல் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் குறிக்கும் தேதியில் மறு ஊசி, அதன் பின் ஆண்டுதோறும் ஒன்று. இது கட்டாயம். தெரு நாயோடும் நரியோடும் மோதும் நாய் என்பதால் வெறிநோய் முதலில் தொற்றுவது இதற்கே.

யாரையாவது நாய் கடித்தால், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகள்தான். மருத்துவர் சொல்லும் நாட்களில் ஒன்றைக்கூடத் தவற விடக் கூடாது. வெறிநோய் வெளிப்பட்டு விட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

துணைக்கு ஒரு ஜீவன்

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் இன்று ஆடு மேய்ப்பவர்களில் பலர் முதியவர்கள். பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாய் என்பது காவல் மட்டுமல்ல, பேச்சுத் துணையும்கூட. காவல் நாயிடம் பாசம் காட்டினால் கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தடவிக் கொடுக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் இவை எல்லாம் பட்டியில் நடக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் கொஞ்சினால் நாய் திண்ணையைக் காக்கும். பட்டியில் கொஞ்சினால் பட்டியைக் காக்கும்.

நான் மேலே சொன்ன அம்மாவுக்கு, அடுத்த பங்குனியில் ஊருக்குக் கிடை வந்தபோது கீதாரி ஒருவர் குட்டி ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். காது ஒன்று மடிந்த, சாம்பல் நிற நாட்டு நாய். அதை ஆடுகளோடு படலுக்குள் வளர்த்தார். நான் இரண்டு வருடம் கழித்துப் போனபோது, அது இரண்டு ஆட்டுக்குட்டிகள் தன் மேல் ஏறி நிற்பதைப் பொறுத்துக் கொண்டு படுத்திருந்தது. என்னைக் கண்டதும் குட்டிகளை மெல்ல உதறிவிட்டு எழுந்து வந்து வழியை மறித்து நின்றது. “பேசாம நில்லுங்க தம்பி, நான் சொன்னாத்தான் விடும்” என்றார் அந்த அம்மா. நானும் நின்றேன்.

சுருக்கமாக: நாயின் ஜாதியைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேளுங்கள். குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். இரண்டாம் மாதம் முதல் ஆடுகளோடு வளருங்கள். பச்சை இறைச்சியைத் தவிர்த்து, தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி விளக்கம் பெறலாம்.